துணி சுற்றாத குண்டு

மார்ஜீன் ரிஷலை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் அவளைப் பற்றி நல்லதாக ஏதாவது என் வாயிலிருந்து வந்துவிட்டால், பாசத்தில் வந்தது என்று யாரும் நினைத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் ஊரில் அவளைப் பிடித்தவன் என்று பார்த்தால் அவள் புருஷன் கேலன் ஒருவன்தான். அவனும் போன மார்ச்சில் மேப்பிள் சாறு காய்ச்சிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்த அடுப்பு ஓரத்திலேயே சாய்ந்துவிட்டான்.

ஸ்ட்ரோபிள் கடையில் அவளுக்கு வேலை. ஆணி, கோழித்தீவனம், வெடிமருந்து மூன்றும் விற்கிற கடை. பென்சில்வேனியாவின் வடக்கு மலையில் நாங்கள் இருக்கிற பக்கத்தில் வேறு கடைக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு மலை தாண்ட வேண்டும். அதனால் எல்லோரும் அவளிடம்தான் போய் நின்றாக வேண்டும். போய் நின்றால் பொருளைக் கொடுத்தோமா, காசை வாங்கினோமா என்று இருக்க மாட்டாள். கேள்வி கேட்பாள்.

நான் ஒரு தடவை நீளக்குண்டு கேட்டேன். மான் வேட்டைக்கு அதுதான் இப்போது எல்லோரும் பேசுவது, முனை கூராக, ஈயம் கனமாக, பார்க்கவே மிரட்டலாக இருக்கும். டப்பாவில் கை வைத்தவள் எடுக்காமல் நின்றாள்.

"உன் குழலுக்குள்ள முறுக்கு எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுத்து, எல்வுட்?"

குண்டைச் சுழலவைக்கக் குழலின் உட்சுவரில் வெட்டியிருக்கும் திருகுவரியைத்தான் முறுக்கு என்போம். தெரியாது என்றேன்.

"பத்து வருஷமா தோள்ல தூக்கிட்டு அலையற. அதுகூடத் தெரியாதா? பொண்டாட்டி பேராவது ஞாபகம் இருக்கா?"

கடையில் ஆறேழு பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் தீவன மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். குண்டு தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்குப் போய், குண்டைத் தள்ளும் கோலில் துணியை இறுக்கிச் சுற்றிக் குழலுக்குள் விட்டு இழுத்து, கோல் எவ்வளவு திரும்புகிறது என்று அளந்து பார் என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு போய் அளந்தேன். என் குழல் முழுநீளத்துக்கும் அரைச் சுற்றுகூடத் திரும்பவில்லை. அப்படி மெதுவாகத் திரும்பும் முறுக்கு, துணி சுற்றிய உருண்டைக் குண்டுக்கென்றே போட்டது. நீளக்குண்டு போட்டால் அது பக்கவாட்டில் புரண்டு போய் எங்கேயோ விழும். மறுநாள் போய் உருண்டைக் குண்டு கேட்டேன். "வந்துட்டியா" என்று மட்டும் சொன்னாள். அந்த வருஷம் நான் மான் அடித்தேன். அது என் குறி, அவளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

எங்கள் பக்கம் கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கான சீசன் தொடங்கும், ஜனவரி நடுவில் முடியும். வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைத் துணியில் வைத்துக் கோலால் தள்ளிக் கெட்டிக்கிற துப்பாக்கி. குதிரை என்கிற சுத்தியலில் ஒரு கல். பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் பற்றவைக்கச் சிட்டிகை மருந்து. ஒரு வேட்டுதான். அடுத்த வேட்டுக்குக் கெட்டித்து முடிப்பதற்குள் மான் அடுத்த மாவட்டத்தில் இருக்கும். அதனால் எந்தக் குண்டு, எவ்வளவு மருந்து, என்ன துணி என்பதில்தான் எங்கள் ஊர்ச் சண்டை அத்தனையும் நடக்கும். தேர்தலுக்குக்கூட இவ்வளவு சண்டை கிடையாது.

கேலன் நல்லவன். நல்லவன் என்றால் வாயைத் திறக்காதவன். இருபத்தாறு வருஷம் அவன் ஒரு மான்கூடக் காயப்படுத்தி விட்டதில்லை, அடித்தால் விழும். நாங்கள் எல்லோரும் கேலனின் கை என்று பேசிக்கொண்டோம். மார்ஜீன் கொல்லைப்புறத்தில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது அவர்கள் வீட்டுக்கு வேலி போடப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. அடுப்பில் ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றி, ஒவ்வொரு குண்டையும் தராசில் நிறுத்து, எடை குறைந்ததைத் திரும்பச் சட்டிக்குள் போடுவாள். உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் குண்டு வளைந்து போகுமாம். அப்புறம் கேலன் கோழிக்கூண்டுப் பக்கம் நின்று அட்டையைப் பார்த்துச் சுடுவான். அட்டையை அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். துப்பாக்கிக்கு முன்னால் பனியில் விழுந்து கிடக்கும் துணித்துண்டைப் போய்ப் பொறுக்குவாள். நடுவில் கருகி ஓட்டை விழுந்திருந்தால் மருந்து அதிகம் அல்லது துணி மெலிசு. ஓரம் கிழிந்திருந்தால் குழல் வாய் அறுக்கிறது. முழுசாக, வட்டமாக, லேசாகப் பழுப்பேறி இருந்தால்தான் அந்தக் கெட்டிப்பு சரி. எத்தனையோ துணி போட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் தலையணை உறைக்கான முரட்டுத் துணி, கரடிக் கொழுப்பு, எழுபத்தைந்து கிரெயின் எடை மருந்து என்று முடிவு செய்தாள். அதற்கு மேல் போடும் மருந்து பனியில்தான் எரியும், மானைத் தொடாது என்பாள்.

கேலனுக்கு மட்டுமல்ல, கேலனின் அண்ணன் டோர்சிக்கும் அவள்தான் குண்டு ஊற்றிக் கொடுத்தாள். டோர்சிதான் எங்கள் கேம்ப்புக்குத் தலைவர். தலைவர் என்று யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, சத்தம் அதிகம் போடுகிறவர் அவர்.

பேர்ச் ஹாலோவில் மலைக்கு நடுவே ஒரே அறையாகக் கட்டிய மரவீடு எங்கள் கேம்ப். எட்டு கட்டில், எட்டு ஆள். ஒரு ஆள் செத்தால் அவன் கட்டிலை அவன் குடும்பத்தில் ஒருவர் கேட்கலாம். கேட்டவர் அந்த வருஷக் கல்துப்பாக்கி சீசனில், எங்கள் மலையில், தன் கையால் கெட்டித்த துப்பாக்கியால் ஒரு மான் அடிக்க வேண்டும். அடித்தால் கட்டில் அவருக்கு. அடிக்காவிட்டால் மிச்ச ஏழு பேர் சேர்ந்து யாரை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். கேலன் போனதும் எனக்கு என் மச்சினன் ராட்னி ஞாபகம்தான் வந்தது. ஒன்பது வருஷமாக ராட்னி இடம் கேட்டு என் உயிரை எடுத்துக்கொண்டிருக்கிறான். ரிஷல் வீட்டில் பிள்ளைகள் இல்லை. கேட்க ஆள் இல்லை என்று நினைத்தேன்.

ஆகஸ்டில் கூரை வேலைக்காக எல்லோரும் கேம்ப்பில் இருந்தபோது மார்ஜீன் ட்ரக்கில் வந்து இறங்கினாள். கையில் கேலனின் துப்பாக்கி. வணக்கம், சௌக்கியமா, ஒன்றும் கிடையாது.

"கேலன் கட்டிலைக் கேக்க வந்தேன்."

டோர்சி ஏணியிலிருந்து இறங்கவே இல்லை. மேலே நின்றபடியே, இந்த கேம்ப்பில் பொம்பளை படுத்ததில்லை என்றார். படுக்கக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது என்று இவள் கேட்டாள். எழுதத் தேவையில்லாததை யாரும் எழுத மாட்டார்கள் என்று அவர் சொன்னார். இப்படியே ஏட்டிக்குப் போட்டியாகக் கொஞ்ச நேரம் போயிற்று. தம்பி பொண்டாட்டி என்ற மரியாதை அவருக்கும் இல்லை, புருஷனின் அண்ணன் என்ற மரியாதை இவளுக்கும் இல்லை. கடைசியில் அவர், உனக்கு எதற்கு இது, வீட்டில் கட்டில் இல்லையா என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள்.

"இருபத்தாறு வருஷம் அந்த மனுஷன் சுட்ட ஒவ்வொரு குண்டும் நான் ஊத்தினது. ஒண்ணாவது எங்க போய் விழுந்துச்சுன்னு நான் பார்த்ததில்ல. பார்க்கணும். அவன் படுத்த எடத்துல படுக்கணும். உங்க பரிதாபம் ஒண்ணும் வேணாம், எடம் வேணும்."

எனக்கு ராட்னி மேலும் அவள் மேலும் ஒரே நேரத்தில் கடுப்பாக வந்தது. எங்களில் மூத்தவர் கிளேர் உம்ஹோல்ட்ஸ்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, சட்டத்தில் குடும்பத்தில் ஒருவர் என்றுதான் இருக்கிறது, ஆம்பளை என்று இல்லை, முயற்சி பண்ணட்டுமே, மான் என்ன அவளுக்காகவா காத்துக்கொண்டிருக்கிறது என்றார். டோர்சிக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"சரி. சீசன் முடியற அன்னிக்கு மான் இல்லன்னா, இந்தத் திசையிலயே நீ தலை வெச்சுப் படுக்கக் கூடாது."

அக்டோபரில் அவள் வழக்கம் போல டோர்சிக்குக் குண்டு ஊற்றி, துணி வெட்டி, ஒரு டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்தனுப்பினாள். சண்டை வேறு, குண்டு வேறு என்றாள். டோர்சி டப்பாவைத் திறக்கவே இல்லை. அவள் கை பட்ட ஈயம் என் குழலுக்குள் போகாது என்று திருப்பியனுப்பிவிட்டு, இரண்டு மலை தாண்டிப் போய் நீளக்குண்டு வாங்கி வந்தார். நாற்பது வருஷம் உருண்டைக் குண்டைத் தவிர வேறு எதையும் தொடாத மனிதர். அவர் துப்பாக்கியின் முறுக்கு இரண்டுக்கும் நடுவாந்தரம், எதைப் போட்டாலும் ஏதோ சுமாராகப் போகும். நீளக்குண்டுக்குத் துணி கிடையாது. கொழுப்பு தடவி அப்படியே உள்ளே தள்ள வேண்டியதுதான். துணி வெட்டும் வேலை இல்லை, பொம்பளை தயவு இல்லை என்று பெருமையடித்துக்கொண்டார்.

சீசனுக்கு முன்னால் எல்லோரும் ஐம்பது கஜத்தில் தட்டு வைத்துச் சுட்டுப் பார்ப்போம். டோர்சி தொண்ணூறு கிரெயின் போட்டுச் சுட்டார். உதையில் தோள் திரும்பியது, தட்டில் பெரிய ஓட்டை. அவள் பக்கம் திரும்பித் தட்டை நீட்டிக் காட்டினார். அவள் பார்த்துவிட்டு, "மானைச் சாகடிக்கணுமா, பொதைக்கணுமா?" என்று கேட்டாள். அப்புறம் அவள் சுட்டாள். மூன்று வேட்டு, ஒரு சின்ன டம்ளர் வாய்க்குள் மூன்றும் அடங்கின. அவள் பனியில் நடந்துபோய்த் தன் துணிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

சீசன் தொடங்கியது. கட்டில் இல்லாததால் தினமும் விடியலில் வீட்டிலிருந்து வருவாள், இருட்டியதும் போவாள். நாங்கள் அவளை எங்கே நிறுத்தினோம் என்றால், மான் போன வருஷம் போகாத, அதற்கு முந்தின வருஷமும் போகாத இடமாகப் பார்த்து நிறுத்தினோம். வேண்டுமென்றேதான். காற்று அறைகிற மொட்டை மேட்டில் நாள் முழுக்க நிற்பாள். கேட்டால், நல்ல இடம், கேலனுக்குப் பிடித்த இடம் என்று டோர்சி வாய் கூசாமல் சொல்வார். ஒரு தடவை அந்த மொட்டை மேட்டிலும் ஒரு மான் வந்துவிட்டது. எண்பது கஜத்தில் நின்றது. அவள் சுடவில்லை. சாயங்காலம் டோர்சி அதை வைத்து அவளைக் காய்ச்சி எடுத்தார், பயந்தாங்கொள்ளி, கேலன் துப்பாக்கியை வெட்கப்படுத்துகிறாள் என்று. என் குண்டு அறுபது கஜத்துக்கு, எண்பதில் சுட்டால் காயம்தான் படும், மான் கிடைக்காது என்று அவள் சொன்னாள். புத்தாண்டு அன்று எல்லோரும் பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோசும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் வெளியே ட்ரக்கில் உட்கார்ந்து ரொட்டி தின்றாள். கூப்பிட்டால் வந்திருப்பாளோ என்னவோ, யாரும் கூப்பிடவில்லை.

கடைசி நாள் வந்தது. ராட்னியின் படுக்கைச் சுருளை நான் ட்ரக்கில் எடுத்து வந்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று ஈரப்பனி. பஞ்சு மாதிரி விழவில்லை, சொதசொதவென்று விழுந்தது. இந்த மாதிரி நாளில் துப்பாக்கி வாய்க்குள் பனி போனால் மருந்து நனைந்துவிடும். கடைசி நாள் என்பதால் எல்லோரும் சேர்ந்து ஒரு விரட்டு போடுவது வழக்கம். நாலு பேர் கீழே ஹெம்லாக் என்கிற ஊசியிலை மரப் புதருக்குள் நுழைந்து மேல்நோக்கி நடப்பார்கள், மான் பாறை விளிம்பு வழியாக ஏறும். அங்கே காத்திருப்பவர்கள் சுட வேண்டும். எனக்கு மான் ஏற்கெனவே கிடைத்துவிட்டதால் துப்பாக்கி இல்லாமல் மேலே நின்றேன், தப்பிக்கிற மானைத் திருப்புவதற்கு. மார்ஜீன் ஒரு விழுந்த மரத்துக்குப் பின்னால் மண்டியிட்டிருந்தாள். இந்தத் தடவை நல்ல இடம். கிளேர்தான் டோர்சியிடம் மல்லுக்கட்டி அந்த இடத்தை அவளுக்கு வாங்கிக் கொடுத்தார். டோர்சியின் இடம் அவளுக்கு இருபது கஜம் தள்ளி. அவர் வந்து சேரவில்லை.

விரட்டுகிறவர்கள் கீழே நடக்க ஆரம்பித்த பிறகுதான் டோர்சியின் ட்ரக் மரம் வெட்டும் பாதையில் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தது. இறங்கினார். பனி போகாமல் இருக்கத் துப்பாக்கியைக் கோட்டுக்கு அடியில் தலைகீழாக, வாய் தரையைப் பார்க்கும்படி மாட்டியிருந்தார். நாற்பது வருஷமாக ஈரநாளில் அப்படித்தான் மாட்டுவார். நாங்கள் எல்லோருமே அப்படித்தான். ஓடையைத் தாண்டிக் குதித்தார். மரத்தின் மேல் ஏறி மறுபடி குதித்தார். தொம் என்று சத்தம் எனக்கே கேட்டது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மார்ஜீன் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள், அவர் தோளில் தொங்கிய துப்பாக்கியைப் பார்த்தாள். கையைத் தூக்கி ஏதோ சைகை காட்டினாள். டோர்சி அவள் பக்கம் பார்க்கவில்லை. சீசன் முழுக்க, திட்டும்போதுகூட, அவர் அவள் முகத்தைப் பார்த்ததில்லை.

அதற்குள் மான் வந்துவிட்டது. இரண்டு பெண்மான்கள். முன்னால் வந்தது பெரியது, அவளுக்கு நேரே நாற்பது கஜத்தில் பக்கவாட்டில் நின்றுவிட்டது. மூச்சு புகைவது எனக்குத் தெரிந்தது. மார்ஜீனின் துப்பாக்கி மரத்தின் மேல் படிந்து கிடந்தது, குதிரையை இழுத்துவிட்டிருந்தாள், கன்னம் கட்டையில் ஒட்டியிருந்தது. இனி விரலை அசைக்க வேண்டியதுதான் பாக்கி. போச்சு ராட்னி கட்டில் என்று நினைத்தேன். இரண்டாவது மான் டோர்சிக்கு நேரே வந்தது. அவரும் துப்பாக்கியைத் தூக்கி, குதிரையை இழுத்து, தோளில் வைத்தார்.

அவள் கட்டையிலிருந்து கன்னத்தை எடுத்தாள். எழுந்து நின்று மலையே அதிரும்படி கத்தினாள்.

"டோர்சி, சுடாதே. குண்டு நகந்திருக்கு."

மான் இரண்டும் வாலைத் தூக்கிக்கொண்டு ஒரே பாய்ச்சலில் மறைந்துவிட்டன. அவ்வளவுதான், சீசன் முடிந்தது.

டோர்சி அவளை வாய்க்கு வந்தபடி திட்டினார். அதை இங்கே எழுத முடியாது. எனக்குக் கிடைக்காதது உனக்கும் கிடைக்கக் கூடாது என்று கத்திக் கெடுத்தாய், பொறாமை பிடித்தவள், கேலன் உன்னிடம் எப்படிக் குப்பை கொட்டினான் என்பதெல்லாம் அதில் சாதுவான பகுதி. அவள் பதில் பேசாமல் நேராக அவரிடம் போனாள். அவர் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கினாள். கிண்ணத்தைத் திறந்து பற்றுமருந்தை ஊதித் தள்ளினாள். வாயை மரங்களின் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, கோலை உருவி உள்ளே விட்டாள்.

எங்கள் எல்லோருடைய கோலிலும் ஒரு கோடு கீறியிருக்கும். மருந்தும் குண்டும் சரியாக ஒட்டி உட்கார்ந்திருந்தால் அந்தக் கோடு குழல் வாயோடு சரியாக நிற்கும். டோர்சியின் கோடு வாய்க்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது.

நான் இறங்கி வந்து கண்ணால் பார்த்தேன். துணி சுற்றிய உருண்டைக் குண்டு இறுகிப் பிடித்துக்கொள்ளும், தலைகீழாக மாட்டினாலும், ட்ரக்கில் போட்டு உலுக்கினாலும் அசையாது. துணி இல்லாத நீளக்குண்டைக் கொழுப்பு மட்டும்தான் பிடித்திருக்கிறது. வாய் கீழே பார்க்க ஆட்டி ஆட்டி வந்தால் அது மருந்தை விட்டு நழுவி வாய்ப்பக்கம் வந்துவிடும். நடுவில் வெற்றிடம். அந்த நிலையில் சுட்டால் குழல் வீங்கும், கெட்ட நேரமாக இருந்தால் வெடித்துப் பிளக்கும். சுடுகிறவனின் இடது கை அந்த இடத்தில்தான் இருக்கும், முகம் ஒரு முழம் தள்ளி. அவள் தன் மானைச் சுட்டிருந்தால், அந்தச் சத்தத்தில் மிரண்டு ஓடுகிற மானைப் பார்த்து டோர்சியும் சுட்டிருப்பார், அதில் சந்தேகமே இல்லை. அவளுக்கு இருந்த நேரத்தில் ஒன்றுதான் முடியும், சுடலாம் அல்லது கத்தலாம்.

டோர்சி கோலைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தம்பி இருந்தவரை அவர் குழலுக்குள் போனது அவள் ஊற்றித் துணி வெட்டிக் கொடுத்த குண்டு, ஒரு தடவைகூடக் கழன்று வந்ததில்லை. அவளிடமிருந்து துப்பாக்கியை வாங்கி, கோடு வாயோடு ஒட்டும்வரை குண்டைத் தள்ளினார்.

"மான் போச்சு," என்றார். அதோடு திரும்பி நடந்துவிட்டார். ஒரு நன்றி, ஒரு தலையாட்டல், ஒரு எழவும் கிடையாது. எனக்கே பொறுக்கவில்லை. மார்ஜீன் போய் மரத்துக்குப் பின்னால் கிடந்த தன் துப்பாக்கியை எடுத்து, குதிரையை மெதுவாக இறக்கினாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் பார்க்கவில்லை.

சாயங்காலம் எல்லோரும் கேம்ப்புக்குள் இருந்தோம். கடைசி இரவு அங்கே தங்கிவிட்டு மறுநாள் பூட்டிக்கொண்டு போவோம். மார்ஜீன் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். நடந்தது கிளேருக்கும் மற்றவர்களுக்கும் என் மூலமாகத் தெரிந்துவிட்டிருந்தது. ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை, டோர்சி திறக்காதபோது யார் திறப்பது. அவள் நேரே கேலன் கட்டிலுக்குப் போய் அவன் கம்பளியை மடிக்க ஆரம்பித்தாள். தகரக் கோப்பையை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டாள். சட்டம் சட்டம்தான், அதை அவள் யாரிடமும் விவாதிக்க வரவில்லை.

டோர்சி அடுப்புக்குப் பக்கத்திலிருந்து எழுந்தார்.

"நில்லு. மான் உன் முன்னாடி நின்னுச்சா இல்லையா?"

"நின்னுச்சு."

"எத்தனை கஜம்?"

"நாப்பது."

"நாப்பதுல நின்ன மானு, நடந்து போயிடுச்சு."

"ஆமா. உன்னால."

"யாராலங்கறது பேச்சில்ல. போயிடுச்சு." அவர் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். "திரும்பு."

அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவரில் எங்கள் சட்டைத் துணிகள் ஆணியடித்துத் தொங்குகின்றன. சுடும் தூரத்தில் நின்ற மானைக் கோட்டை விட்டவனின் சட்டை வாலை அறுத்து, பேரும் வருஷமும் எழுதிச் சுவரில் அடிப்பது கேம்ப் வழக்கம். என்னுடையது மூன்று இருக்கிறது. ஆனால் வெளியாள் யாராவது வந்து கோட்டை விட்டால் சிரித்து அனுப்பிவிடுவோம், சட்டையைத் தொட மாட்டோம். அந்தச் சுவரில் கட்டில் உள்ளவர்களின் துணி மட்டும்தான் ஏறும். இன்றுவரை வெளியாள் துணி ஒன்றுகூட ஏறியதில்லை.

கிளேருக்கு அது மண்டையில் ஏறவில்லை. "டோர்சி, அவ கேம்ப் ஆளு இல்லையேப்பா," என்றார்.

"வாயை மூடு, கிளேர்."

மார்ஜீன் கம்பளியைக் கையில் வைத்தபடியே அவரைப் பார்த்தாள். அந்தச் சுவரைப் பற்றிக் கேலன் அவளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பானோ. அவளுக்கு எல்லோருக்கும் முன்னாலேயே விளங்கிவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. கம்பளியைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கோட்டைக் கழற்றினாள். உள்ளே கேலனின் சிவப்பும் கறுப்புமான கட்டம் போட்ட கம்பளிச் சட்டை. திரும்பி நின்றாள்.

"நேரா வெட்டு. கேலன் சட்டை."

அவர் நேராகத்தான் வெட்டினார். இவ்வளவு மெதுவாக யாருடைய சட்டையையும் அவர் வெட்டி நான் பார்த்ததில்லை. ஆணியடித்து, தச்சன் பென்சிலால் கீழே எழுதினார். மார்ஜீன் ரிஷல், அதற்குப் பக்கத்தில் வருஷம்.

அவள் கையை நீட்டினாள். "கத்தியைக் குடு. இப்ப நீ திரும்பு. உன் மானும்தான் நடந்து போச்சு."

டோர்சியின் சட்டை அந்தச் சுவரில் ஏறியதே இல்லை. நாற்பது வருஷத்தில் ஒரு தடவைகூட. அவர் கொஞ்சம் முறைத்துவிட்டு, கத்தியைப் பிடி அவள் பக்கமாக நீட்டினார். திரும்பினார். அவள் நேராக வெட்டவில்லை. கோணல் மாணலாக, இடுப்புக்கு மேலே முதுகு தெரியும்வரை வெட்டி எடுத்தாள். அவர் அசையாமல் நின்றார். நாங்கள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஏறின.

"அந்தக் கட்டில்ல படுக்கறவங்கதான் அடுப்பு அணையாமப் பாத்துக்கணும்," என்றார் டோர்சி, சுவரைப் பார்த்தபடியே. "தூங்கிடாத."

"விறகு எங்க?"

"வெளிய, கொட்டாய்ல. கேலன் போன வருஷம் பொளந்து அடுக்கினது. பாதி அப்படியே இருக்கு, நாங்க எடுக்கல."

அவள் கோட்டைக்கூட மாட்டாமல் விறகெடுக்க வெளியே போனாள். ரொம்ப நேரம் வரவில்லை. அடுப்பு மெல்ல மெல்ல அடங்கிக்கொண்டே வந்தது, அறை குளிர ஆரம்பித்தது. கேலனின் விறகோடு அவள் இருந்துவிட்டு வரட்டும் என்று யாரும் எழுந்து போய் அவளைக் கூப்பிடவில்லை.